ஆல்பத்தைப் படம்பிடிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரணில் கிடந்த அஞ்சல்தலை ஆல்பத்தை இறக்கித் தூசி தட்டி, படமெடுத்து இணையத்தில் போடுகிறவர்கள் பெருகிவருவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் கட்டுரை வந்திருந்தது. பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஸ்டாம்பு மாற்றிக்கொண்ட தலைமுறை இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறது. கையில் நேரமும் இருக்கிறது, போனும் இருக்கிறது. ஆகவே இது நடக்கத்தான் செய்யும், நல்லதும்கூட. ஆனால் கட்டுரையோடு வந்த ஒரு படத்தில் ஸ்டாம்பை வெறும் விரலால் பிடித்திருக்கிறார்கள். இன்னொன்றில், கடித உறையிலிருந்து எடுத்த தலைகள் செய்தித்தாள்மேல் வெயிலில் காய்கின்றன. நாற்பது வருஷம் பரணில் பிழைத்துக் கிடந்ததை ஒரே மத்தியானத்தில் தீர்த்துக்கட்ட இந்த இரண்டும் போதும். படம் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஆல்பத்தைத் திறப்பது. நம் கடலோர ஊர்களில் வருஷத்தின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் எழுபது சதவீதத்துக்கு மேல். முத்திரை விழாத, பின்புறம் கோந்து அப்படியே இருக்கிற மின்ட் தலைகள் இந்த ஈரத்தில் இளகி, பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்பங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்தால் பாரம் அழுத்தி இன்னும் மோசம். அதனால் பக்கத்தைச் சடாரென்று புரட்டாதீர்கள். ஏசி அறை இருந்தால் மூடியபடியே ஒரு நாள் அங்கே வையுங்கள். காகிதம் கொஞ்சம் ஈரம் விடும். பிறகு பக்கம் பக்கமாக, ஓரத்திலிருந்து மெதுவாகத் திறக்க வேண்டும். ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். நகத்தால் சுரண்டினால் தலையின் பின்பக்கக் காகிதம் ஒரு படலம் உரிந்து வந்துவிடும். சேகரிப்பாளர்கள் இதை ‘தின்’ என்பார்கள். முன்பக்கம் பார்க்க முழுசாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உரிந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதற்கு அப்புறம் அந்தத் தலைக்கு மதிப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டிக்கொண்ட மின்ட் தலையை எடுக்க ஈரப்பெட்டி என்று ஒரு முறை இருக்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, அதற்கு மேலே உயரமாக ஒரு வலைத்தட்டு; தலை ஒட்டிய காகிதத்தை மட்டும் வெட்டி, நீர் சொட்டாத மாதிரி அந்தத் தட்டில் வைத்து மூடிவிட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை திறந்து, ட்வீசரால் ஒரு மூலையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். பழைய கோந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுக்கொடுக்கும். பிற்காலத்துச் செயற்கைக் கோந்து அதிக நேரம் எடுக்கும். அவசரப்பட்டு இழுத்தால் மறுபடியும் அதே தின்தான். எடுத்த தலையைக் கோந்துப்பக்கம் மேலே இருக்கும்படி காயவிட்டு, பிறகுதான் அழுத்த வேண்டும். இவ்வளவு பாடு எல்லாத் தலைக்கும் தேவையா என்றால், இல்லை. எழுபது, எண்பதுகளில் வந்த இருபத்தைந்து காசு, ஐம்பது காசு நினைவுத் தலைகள் லட்சக்கணக்கில் அச்சானவை. அவை ஒட்டியிருந்தால் பேசாமல் தண்ணீரில் போட்டு எடுத்து, கோந்தில்லாத தலை என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

போட்டோ ஒட்டும் பசைப்பக்க ஆல்பத்தில் ஸ்டாம்பு வைத்தவர்கள் பலர் உண்டு. அதன் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாள் பெரும்பாலும் பி.வி.சி. வகை. அதில் கலந்த எண்ணெய்ப்பசை வருஷக்கணக்கில் கசிந்து அச்சு மையை இளக்கும். முதல் வேலையாக அதிலிருந்து வெளியே எடுங்கள். செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தால் டேப் உதிர்ந்தாலும் மஞ்சள் கறை போகாது. அதைப் போக்கப் பார்த்துக் காகிதத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஹிஞ்ச் என்னும் மெல்லிய கோந்துத்தாளால் ஒட்டியிருந்தால் அது குற்றமில்லை, அந்தக் காலத்து முறையே அதுதான். முத்திரை விழுந்த தலையில் ஹிஞ்ச் தண்ணீரில் தானாக விழும். மின்ட் தலையில் ஹிஞ்ச் மிச்சம் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

மாற்றி வைக்க ஸ்டாக் புக், அதாவது பட்டைகளுக்குள் தலைகளைச் செருகி வைக்கும் புத்தகம், வாங்குவது நல்லது. கறுப்புப் பக்கம், கண்ணாடித்தாள் பட்டைகள், பக்கங்களுக்கு நடுவே தனித்தாள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். புத்தகத்தை அலமாரியில் நிற்கவைக்க வேண்டும். இறுக்கி நெருக்கக் கூடாது. பக்கத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் திரும்பப் பயன்படும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 45 முதல் 55 சதவீதம்வரை இருந்தால் நிம்மதி. ரொம்பவும் உலர்ந்துபோனால் கோந்து வெடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பூச்சிக்கு என்று நாப்தலீன் உருண்டையை ஆல்பத்துக்குள் போடுகிறார்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கைப் பதம்பார்க்கும், வேண்டாம். மாதம் ஒரு முறை எடுத்துப் பக்கங்களைப் புரட்டிக் காற்றாடவிட்டாலே பாதி நோய் வராது. தலையின் ஓரத்துத் துளைப்பற்களின் நுனியில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தத் தலைகளைத் தனியே பிரித்துவிடுங்கள், மற்றவற்றுக்கும் பரவும்.

அடுத்ததுதான் இந்தக் கடிதத்தின் மையம். ஆல்பத்தோடு கூடவே ஒரு தகரப்பெட்டியில் பழைய கடிதங்களும் இருந்தால், தயவுசெய்து கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். சிறுவயதில் நாம் கற்ற முதல் பாடமே உறையிலிருந்து தலையை வெட்டித் தண்ணீரில் போடுவதுதான். அது பெரும்பாலும் தப்பான பாடம். தலை மட்டும் பத்து ரூபாய் பெறாது. அதே தலை ஊர் முத்திரையோடும், தேதியோடும், தணிக்கை முத்திரையோடும் உறையில் இருந்தால் அது ஒரு ஆவணம்.

தமிழ்நாட்டு வீடுகளில் இது சும்மா சொல்லும் பேச்சு இல்லை. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று வட்டிக்கடை வைத்திருந்த செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கும், கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் குடும்பங்களுக்கும் வந்த கடிதங்கள் இன்றும் பெட்டிகளில் இருக்கின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்து உறைகளில், ஓரத்தைத் திறந்து படித்துவிட்டுத் தணிக்கை அதிகாரி ஒட்டிய தாள் இருக்கும். மலேயா ஜப்பான் கையில் இருந்தபோது பழைய பிரிட்டிஷ் தலைகள்மீதே ‘டாய் நிப்பான் 2602’ என்று மேலச்சு அடித்தார்கள். 2602 என்பது ஜப்பானிய வருஷக் கணக்கு, நம் கணக்கில் 1942. போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியதும் 1945 முதல் ‘பி.எம்.ஏ. மலேயா’ என்ற மேலச்சு வந்தது. பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் என்பதன் சுருக்கம் அது. தனியாக வெட்டிய மேலச்சுத் தலையில் போலி எது அசல் எது என்று சொல்வது கஷ்டம். உறையோடு இருந்தால் தேதி முத்திரையும் ஊரும் சாட்சி சொல்லும்.

நாகர்கோவில், செங்கோட்டைப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1956 வரை அந்தப் பகுதிகள் முதலில் திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தவை. திருவிதாங்கூருக்கு ‘அஞ்சல்’ என்ற பெயரில் சொந்தத் தபால்துறை இருந்தது. 1888-இல் தொடங்கிய அதன் தலைகளில் சங்குச் சின்னம் இருக்கும். 1951-இல் இந்திய அஞ்சல்துறையோடு இணையும்வரை அது ஓடியது. அந்தச் சங்குத் தலைகள் தனியாக ஏராளமாகக் கிடைக்கும், மலிவு. ஆனால் சிற்றூர் அஞ்சலாபீஸ் முத்திரை தெளிவாக விழுந்த முழு உறை அப்படிக் கிடைக்காது. வெட்டியவன் கையில் மலிவானதுதான் மிஞ்சும்.

அச்சடித்த தலையோடு வந்த தபால் அட்டை, உறை, இன்லண்டு லெட்டர் ஆகியவற்றிலிருந்து அந்தச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுப்பதும் அதே ரகம். முழுதாக வையுங்கள்.

சரி, எந்தச் சிறப்பும் இல்லாத, முத்திரையும் படிக்க முடியாத உறைத்துண்டுகள் குவியலாக இருக்கின்றன என்றால் ஊறவைக்கலாம். தலையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் காகிதம் விட்டு வெட்ட வேண்டும். துளைப்பல்லில் கத்தரி படக் கூடாது. அகலமான தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு அறைச்சூட்டுத் தண்ணீர். வெந்நீர் வேண்டவே வேண்டாம். ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தலைக்கு மேல் போடாதீர்கள். பதினைந்து இருபது நிமிஷத்தில் தலை தானாகக் காகிதத்தைவிட்டு நழுவும். நழுவாவிட்டால் இன்னும் பத்து நிமிஷம் காத்திருங்கள், உரிக்காதீர்கள். நழுவியதை வேறொரு தட்டில் புதுத் தண்ணீரில் அலச வேண்டும். பின்பக்கம் விரலுக்கு வழவழவென்று பட்டால் கோந்து இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோந்தோடு உலர்த்தினால் அது அடியில் உள்ள தாளில் ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது காகிதத்துக்கு வலு இல்லை. இந்த ஒரு கட்டத்தில் மட்டும் ட்வீசரைவிட விரல் நல்லது.

காயவைக்க மை ஒற்றும் தாள், அது கிடைக்காவிட்டால் அச்சில்லாத வெள்ளைத்தாள். முகம் கீழே, முதுகு மேலே. செய்தித்தாளில் காயவைத்தால் அதன் மை தலைக்கு ஏறும் (உங்கள் நாளிதழும் விதிவிலக்கல்ல, மன்னிக்கவும்). வெயிலில் வைத்தால் அப்பளம்போல் சுருண்டுகொள்ளும். நிழலில் முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டால் தட்டையாகிவிடும்.

இதில் கெடுவது எங்கே என்றால், முக்கியமாகச் சாயத்தில். சிவப்பு, ஊதா, பழுப்பு உறைகள் தண்ணீரில் சாயம் விடும். அவற்றைத் தனித்தனியாக, தண்ணீரை மாற்றி மாற்றிப் போட வேண்டும். சில பழைய தலைகளின் மையே கரையக்கூடியது. யாரும் முத்திரையைக் கழுவிவிட்டுத் திரும்ப ஒட்டக் கூடாதென்று வேண்டுமென்றே அப்படி அச்சடித்தார்கள். சந்தேகமான நிறத்தில் நிறைய இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் இக்காலத் தலைகள் தாமே ஒட்டும் வகை. அவற்றில் பல எத்தனை மணி நேரம் ஊறினாலும் கழலாது, பசை பிசுபிசுவென்று நிற்கும். அவற்றைச் சுற்றிச் சீராக ஓரம் விட்டு வெட்டி, காகிதத்தோடு வைத்துக்கொள்வதே இப்போதைய வழக்கம். 2006-இல் நம் நாட்டில் வந்த சந்தன வாசனைத் தலை, 2011-இல் கதர்த்துணியில் அச்சான காந்தி தலை இவற்றையும் தண்ணீருக்குக் காட்ட வேண்டாம்.

இனி அடையாளம் காண்பது. இணையத்தில் போடும் படத்துக்குக் கீழே ‘பழைய இந்திய ஸ்டாம்பு, அபூர்வம்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. நாடு, வருஷம், மதிப்பு, பொருள், மின்டா முத்திரை விழுந்ததா, ஓரத்துத் துளைக் கணக்கு, காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறி (வாட்டர்மார்க்) ஆகியவற்றைக் குறித்தால், தெரிந்தவர்கள் வந்து பதில் சொல்வார்கள். நாட்டின் பெயர் சிறுவயதில் குழப்பியிருக்கும். ஹெல்வெட்டியா என்றால் சுவிட்சர்லாந்து, மக்யர் ஹங்கேரி, சுவோமி பின்லாந்து, ஸ்வெரிய ஸ்வீடன், எல்லாஸ் கிரீஸ். பெயரே இல்லாமல் அரசர் அல்லது அரசியின் முகம் மட்டும் இருந்தால் பிரிட்டன். தபால்தலையை 1840-இல் தொடங்கிய நாடு என்பதால் அவர்கள் பெயர் போடுவதில்லை. சிலோன் என்று இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தையது, ஸ்ரீலங்கா என்றால் பிந்தையது.

துளைக் கணக்கு என்பது இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்பது. முதலில் கிடைமட்டம், பிறகு செங்குத்து. 14 × 14½ என்று எழுதுவார்கள். இதை அளக்கும் அட்டை கிடைக்கிறது. ஒரு தலைக்கு இரண்டு நொடி வேலை. நீர்க்குறி கொஞ்சம் பொறுமை கேட்கும். கறுப்புத் தட்டில் தலையை முகம் கீழே வைத்து, வாட்டர்மார்க் திரவம் இரண்டு மூன்று துளி விட்டால் காகிதத்துக்குள் இருக்கும் அடையாளம் கறுப்பாகத் தெரியும். அது கோந்தைக் கரைக்காது. ஆனால் பெட்ரோல் ரகம். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். போட்டோகிராவூர் முறையில் அச்சான சில தலைகளின் மை இதில் இளகும் என்பதால் விலையுள்ளதை இதில் போடும் முன் யோசிக்கவும்.

எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். எல்லார் ஆல்பத்திலும் இருக்கும் ஒரு உதாரணம்: 1957 ஏப்ரல் 1 அன்று நாட்டில் தசமக் காசு வந்தபோது வெளியான இந்திய வரைபடத் தலைகள், ‘நயா பைசா’ வரிசை. முதலில் வந்தவற்றின் நீர்க்குறி நட்சத்திரங்கள். 1958 முதல் அசோகத் தூணின் சிங்க உச்சி. மேலே படம் ஒன்றுதான், நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். சேகரிப்பாளருக்கு இரண்டும் வேறு தலைகள். ஆல்பத்தில் ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கிய பத்தில் நாலு வேறு தலையாக இருக்கக்கூடும்.

இன்னொரு உதாரணம் இதைவிடச் சுவையானது. 1971-இல் வங்கதேச அகதிகள் வந்தபோது, நவம்பர் 15 முதல் பெரும்பாலான கடிதங்களுக்கும் கூடுதலாக ஐந்து காசுத் தலை ஒட்ட வேண்டும் என்று அரசு சொன்னது. தனித்தலை தயாராகும்வரை, புழக்கத்தில் இருந்த ஐந்து காசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலைமீது ‘அகதிகள் நிவாரணம்’ என்று மேலச்சு அடித்துக் கொடுத்தார்கள். நாசிக் அச்சகத்தில் அடித்தது ஒன்று. அது வந்துசேராத ஊர்களில் அங்கங்கே உள்ளூரில் அடித்தது வேறு. எழுத்தின் அளவும் அமைப்பும் ஊருக்கு ஊர் மாறும். 1973 மார்ச் வரை இந்த வரி இருந்தது. சிறுவர்கள் சீந்தாத ஐந்து காசுத் தலை அது. இன்று உள்ளூர் மேலச்சு உறைகளை மட்டுமே தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் ஸ்டாம்பு அடித்துப் போலி செய்வதும் சுலபம் என்பதால், இங்கும் தேதி தெரியும் முழு உறைக்கே மரியாதை.

விலைப்பேச்சுக்கு வருகிறேன். ‘உங்கள் வீட்டில் இந்த ஸ்டாம்பு இருந்தால் நீங்கள் கோடீஸ்வரர்’ என்று வரும் காணொளிகளை நம்பி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. உலகின் முதல் தலையான பென்னி பிளாக்கே ஆறு கோடியே எண்பது லட்சம் அச்சானது. அதற்கே நிலைமை பார்த்துத்தான் விலை. 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த காந்தி தலைகள் நான்கு: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் அடித்தது. 2017-இல் லண்டனில் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனதாக எல்லாரும் சொல்வது, கவர்னர் ஜெனரல் அலுவலகப் பயன்பாட்டுக்கு ‘சர்வீஸ்’ என்று மேலச்சு அடித்த பத்து ரூபாய்த் தலை, அதுவும் நான்கு சேர்ந்த தொகுதி. மேலச்சு அடித்ததே நூறு தலை. அது பரணில் கிடைக்காது. சாதாரணப் பத்து ரூபாய்க்கும் நல்ல விலை உண்டு, அதனாலேயே போலிகள் ஏராளம். அசலின் துளை 11½. போலிகளில் பல ஆஃப்செட் அச்சு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் காந்தியின் முகம் கரடுமுரடான புள்ளிகளாக உடையும். துளை சரியாக இல்லாவிட்டால் மேற்கொண்டு பார்க்கவே தேவையில்லை. எல்லாம் சரியாகத் தோன்றினாலும் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

சிறுவயதில் பாக்கெட்டில் வாங்கிய பளபளப்பான வெளிநாட்டுத் தலைகளுக்கும் பெரிய எதிர்பார்ப்பு வைக்க வேண்டியதில்லை. ஹங்கேரி, போலந்து, ருமேனியா, கிழக்கு ஜெர்மனி தலைகளில் ஒரு மூலையில் மட்டும் கச்சிதமாகக் கால்வட்ட முத்திரை இருக்கும். திருப்பிப் பார்த்தால் கோந்து அப்படியே இருக்கும். தபாலில் போகாமல், சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே அச்சகத்தில் முத்திரை போட்டவை அவை. அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன், மனாமா என்று அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வந்த அப்பல்லோ, ஓவியம், பூனைக்குட்டித் தலைகளும் அதே வகை. அவற்றில் பலவற்றை முக்கியமான கேட்டலாக்குகள் (தலைகளை விலையோடு பட்டியலிடும் நூல்கள்) வரிசை எண் கொடுத்துச் சேர்ப்பதுகூட இல்லை. அழகாக இருக்கின்றன, அதற்காக வைத்துக்கொள்ளலாம். கேட்டலாக்கில் போட்டிருக்கும் விலையும் கையில் கிடைக்கும் விலை அல்ல. கடைசித்தட்டில் உள்ள குறைந்தபட்ச விலை, வியாபாரி அந்தத் தலையைத் தேடி எடுத்துக் கொடுக்கும் கூலி. தலைக்கான விலை இல்லை. சாதாரணத் தலைகளைக் கேட்டலாக் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு விற்றாலே அதிர்ஷ்டம்.

இப்போது படம். பல் உடையாமல், உண்மை நிறத்தில் வர வேண்டுமென்றால் ஃபிளாட்பெட் ஸ்கேனரே சரி. கண்ணாடியைத் துடைத்து, தலைகளை முகம் கீழே வரிசையாக வைத்து, மேலே கறுப்பு அட்டையைப் போட்டு மூடினால் துளைப்பற்கள் தெளிவாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் அவை மறைந்துவிடும். ஆல்பப் பக்கம் முழுசாகக் காட்ட 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும். தனித்தலைக்கு 600. நம் நினைவுத் தலைகளின் வழக்கமான அளவு 3.91 × 2.90 செ.மீ.; 600-இல் அது சுமார் 924 × 685 புள்ளிகளாக வரும், திரையில் பார்க்கத் தாராளம். மேலச்சு, அச்சுப்பிழை காட்ட மட்டும் 1200. ஏ4 கண்ணாடி முழுவதையும் 600-இல் எடுத்தால் ஒரே கோப்பு நூறு எம்.பி.யைத் தாண்டும் என்பதால் வெட்டித் தனித்தனியாகச் சேமியுங்கள். ஸ்கேனர் தானாகச் செய்யும் நிறத்திருத்தம், கூர்மையாக்கல் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். உறை என்றால் பின்பக்கமும் அவசியம். வந்துசேர்ந்த ஊரின் முத்திரை அங்கேதான் இருக்கும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் போனில் எடுக்கலாம், ஆனால் ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலியில் எடுக்காதீர்கள். அது எழுத்து படிக்க வசதியாகப் பின்னணியை வெளுப்பாக்கி, மங்கலான முத்திரையையே அழித்துவிடும். சாதாரணக் கேமராவில், ஃபிளாஷ் இல்லாமல், நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில், இருபத்தைந்து முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே கொண்டுபோனால் ஓரங்கள் வளையும், போனின் நிழலும் விழும். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலை வைத்தால் பார்க்கிறவர் அளவைப் புரிந்துகொள்வார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கிவிடும். ‘இது அபூர்வமான சிவப்பு’ என்று நிறத்தை வைத்து மட்டும் படத்தைக் காட்டி வாதம் செய்வது வீண். ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு சிவப்பைக் காட்டும்.

உறைகளைப் போடும்போது முகவரியைப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு முந்தையது என்றால் கவலையில்லை. உயிரோடு இருப்பவர்களின் வீட்டு முகவரி என்றால் மறைத்துப் போடுவதே மரியாதை. உள்ளே உள்ள குடும்பக் கடிதத்தைப் போடுவது என்றால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளவும். முழு ஆல்பத்தையும் வீட்டு விலாசம் தெரியும்படிப் போடாதீர்கள். படம் போட்ட மறுநாளே ‘லட்ச ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறேன், பணம் வர இந்த கியூஆரை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (பின்) போடுங்கள்’ என்று ஒருவர் வருவார். பணம் வாங்க யாரும் பின் போட வேண்டியதில்லை. பின் போட்டால் பணம் போகும்.

மாற்றிக்கொள்ளும் பழைய பழக்கமும் இணையத்தால் திரும்ப வந்திருக்கிறது. ஒரு தலைக்கு ஒரு தலை என்பதா, கேட்டலாக் விலைக்கு விலை என்பதா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முக்கால்வாசிச் சண்டை இங்கேதான். தலைகளைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து அனுப்ப வேண்டும். ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது. டேப் அட்டையின் விளிம்பில் மட்டும். கண்ணாடித்தாளில் படக் கூடாது. பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டதால் மதிப்புள்ளதை அதிலேயே அனுப்புங்கள். சாதாரண உறையில் அனுப்பினால், ஒட்டிய தலைமேல் முத்திரையைக் கையால் தெளிவாகப் போடும்படிக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் உங்கள் நாளிதழ் வழியாக அஞ்சல்துறைக்கு ஒரு வேண்டுகோள். முத்திரை விழாமல் வந்த தலைமேல் பட்டுவாடாவின்போது பால்பாயின்ட் பேனாவால் குறுக்குக்கோடு கிழிப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கோடு விழுந்த தலையை எவரும் சேர்ப்பதில்லை. அஞ்சல்துறையினரே, புதுத் தலைகள் வீட்டுக்கே வர இருநூறு ரூபாய் கட்டி அஞ்சல்தலை வைப்புக் கணக்கு தொடங்கச் சொல்கிறீர்கள். 2017 முதல் ஸ்பர்ஷ் திட்டத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பொழுதுபோக்கிற்காகவே ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் உதவித்தொகையும் தருகிறீர்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் கடிதத்தில் பேனாக்கோடு இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சுற்றறிக்கை ஒன்று போதும். மாவட்டத் தலைமை அஞ்சலகங்களின் சேகரிப்பாளர் கவுண்டரில் துளை அளக்கும் அட்டையும் ஒரு லென்ஸும் மேசைமேல் வைத்தால், ஆல்பத்தோடு வருகிறவர் அங்கேயே பார்த்துக்கொள்வார்.

ஆசிரியரே, உங்களுக்கும் ஒன்று: அடுத்த முறை இணைப்பில் படம் போடும்போது ட்வீசர் பிடித்த கையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்,
நாகப்பட்டினம்